உள்சுவரில் புடைப்பு வேலை: வெள்ளைச் சிமென்ட் பட்டியா, ஜாயின்ட் காம்பவுண்டா?

எங்கள் வீட்டுப் படுக்கையறைச் சுவர் ஒன்றில் வெள்ளைச் சிமென்ட் பட்டியிலும், அடுத்த ஆண்டு வரவேற்பறைச் சுவரில் ஜிப்சம் போர்டுகளின் இணைப்பை மூடப் பயன்படும் ஜாயின்ட் காம்பவுண்டிலும் புடைப்பு வேலை, அதாவது பூச்சை மேடுபள்ளமாக எழுப்பும் அலங்காரம், செய்தோம். உள்சுவருக்குக் காம்பவுண்டே மேல் என்ற பக்கம் நான் சாய்ந்துவிட்டேன்.

பட்டி விலை மலிவு, எங்கும் கிடைக்கும், கெட்டித்தன்மையும் கூடுதல். வண்ணம் பூசிய பின் தோற்றத்தில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. குழைத்த பட்டியை இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் தீர்த்தாக வேண்டும். வாளியில் குழைத்தே வரும் காம்பவுண்டு, காற்றுப் புகாமல் மூடிவைத்தால் மறுநாளும் கைக்கு இணங்கும்.

என்னை முடிவெடுக்க வைத்தது பழுதுபார்ப்பு. படுக்கையறையில் சுவிட்ச் பெட்டியை நகர்த்தியபோது உடைந்த இடத்தைப் பெயிண்டர் அதே பட்டியால்தான் நிரப்பினார். ஆனால் கல்லாக இறுகிய பழைய வரிகளும் புதிய பூச்சும் சேரும் விளிம்பு, உப்புத்தாளுக்கும் மசியாமல், இன்றும் தழும்பு போலத் தெரிகிறது. வரவேற்பறையில் ஏசி குழாய்க்குத் துளையிட்டபோது உள்ளங்கை அகலத்துக்குப் பெயர்ந்தது. விளிம்பைச் சுற்றி வண்ணத்தைத் தேய்த்து எடுத்துவிட்டு, ஈரப் பஞ்சால் ஒற்றினேன். பழைய பூச்சே பாலாடைபோல இளகியது. அதன்மேல் புதுக் களியைத் தடவி, முதலில் பயன்படுத்திய அதே வெள்ளையடிக்கும் மட்டையால் குத்தி எடுத்து, சற்று இறுகியதும் தகட்டால் முனைகளை மெல்ல அமர்த்தினேன். மாலை வெயில் சாய்வாக விழும்போது மட்டும், இடம் தெரிந்தவர் தேடினால் கண்டுபிடிக்கலாம்.

காரணம் எளிது. சிமென்ட் நீருடன் வினைபுரிந்து இறுகுகிறது, அது மீளாது. இந்தக் காம்பவுண்டு, சுண்ணக்கல் தூளும் பசையும் கலந்த களி, நீர் ஆவியாவதால் மட்டுமே காய்கிறது. பையில் தூளாக வரும் காம்பவுண்டுகளில் ஜிப்சம் கலந்து பட்டிபோலவே வினைபுரிந்து இறுகும் வகையும் உண்டு. அதை வாங்கிவிட்டு ஈரப் பஞ்சை நம்பக் கூடாது.

இந்த இளகும் குணமே அதன் குறையும் ஆகும். ஓதம் ஏறும் சுவருக்கும் வெளிச்சுவருக்கும் அது ஆகாது. ஒரே பூச்சில் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் ஏற்றினால் காயும்போது சுருங்கி வெடிக்கும். பிரைமர் அடிக்காமல் வண்ணம் பூசினால் திட்டுத்திட்டாக உறிஞ்சும். தேய்க்கும்போது பறக்கும் தூளுக்கு முகக்கவசம் கட்டாயம். எங்கள் வரவேற்பறைச் சுவருக்கு வயது இரண்டு ஆண்டுகளே என்பதால், பத்து மழைக்காலங்களுக்குப் பிறகு எப்படியிருக்கும் என்று என்னால் உறுதி கூற இயலாது. குளியலறையை ஒட்டிய சுவருக்கு இப்போது வேலை தொடங்கியிருக்கிறோம். அங்கே மறுயோசனையின்றிப் பட்டியையே வாங்கினேன்.