வீடு ஓர் இரவில் வந்தது, கடதாசி ஐந்து மாதம் எடுத்தது

பழைய வீட்டை அறுத்து லொறியில் கொண்டுவந்து நம் காணியில் வைத்துத் தரும் நிறுவனம் ஒன்றைப் பற்றித்தான் இது. பெயர் போடவில்லை, ஏனென்றால் எங்களுக்கும் அவர்களுக்கும் இன்னும் ஒரு கணக்கு முடியாமல் இருக்கிறது. தூக்குவதற்கு ஐந்துக்கு ஐந்து. அனுமதி விஷயத்தில் ஐந்துக்கு இரண்டுதான், அதுவும் மனமிரங்கிப் போட்டது.

எங்கள் காணி ஒக்லாந்துக்கு வடக்கே, காரில் ஒன்றரை மணித்தியாலம். புது வீடு கட்ட வங்கி தருகிற காசு காணாது. நியூசிலாந்தில் வீடு இடம்பெயர்வது புதினமில்லை. மரச்சட்டம், மரப்பலகைச் சுவர், கீழே குத்திக்கால்கள், அவ்வளவுதான். 2012இல் ஒக்லாந்தின் கிளென் இன்னஸில் அரச வீடுகளை இப்படி ஏற்றிப் போனபோது சனம் தெருவில் நின்று எதிர்த்ததைச் செய்தியில் பார்த்திருக்கிறேன். நாங்கள் எடுத்ததும் 1950களின் வீடுதான். மூன்று அறை, 95 சதுர மீற்றர்.

யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா கேட்டா, "என்ன மோனை, கட்டின வீட்டையே கொண்டு வாறியளோ? அப்ப நிலையம் ஆர் எடுக்கிறது?"

வீடு எங்கே வைப்பது என்று சாத்திரம் பார்த்துக் குறிப்பதைத்தான் அம்மா கேட்டா. "கவுன்சில்தான் அம்மா" என்று இங்கத்தைய உள்ளூராட்சிச் சபையைப் பகிடியாகச் சொன்னேன். பிறகு அது பகிடியாக இருக்கவில்லை.

விற்பனைக்கு வந்த பொடியன் "அனுமதியெல்லாம் எங்கள் பொறுப்பு" என்றான். அவன் சொன்னது கட்டட அனுமதியை மட்டும். குத்திக்கால் வரைபடம், கழிவுநீர்த் தொட்டி, கூரைக்கும் தரைக்கும் வெப்பக்காப்பு எல்லாம் அதற்குள் வரும். அந்தக் காணியில், அந்த இடத்தில் வீட்டை வைக்கலாமா என்பது மாவட்டத் திட்டத்தின் கேள்வி, அதாவது எங்கே என்ன கட்டலாம் என்று கவுன்சில் வைத்திருக்கும் விதிகளின் கேள்வி. அதை எங்கள் தலையில் விட்டுவிட்டார்கள். இன்னொன்றும் இருக்கிறது. முதலில் பார்த்த காணியின் உறுதியிலேயே "இடம்மாற்றிய வீடு கூடாது" என்று ஒரு உடன்படிக்கை கிடந்தது. அதைக் கண்டுபிடித்தது எங்கள் சட்டத்தரணி. நிறுவனம் ஒரு கேள்விகூடக் கேட்காமல் முற்பணத்துக்குப் பில் அனுப்பியிருந்தது.

இப்போதைய காணியின் உறுதியில் அந்தச் சிக்கல் இல்லை. மாவட்டத் திட்டமும் இடம்மாற்றிய வீட்டைத் தடுக்கவில்லை. வீடு ஏற்றுகிறவர்களும் இருக்கும் பாரவண்டிக்காரர் சங்கம், தென் தீவின் மத்திய ஒட்டாகோ கவுன்சிலுக்கு எதிராகப் போட்ட வழக்கில், 2004இல் சுற்றுச்சூழல் நீதிமன்றம், கொண்டுவந்து வைக்கும் வீட்டைப் புது வீட்டிலிருந்து வேறாக நடத்தக் காரணமில்லை என்ற பக்கம் சாய்ந்தது. அந்த வழியில் போகும் திட்டங்களில் தனி வள அனுமதி (திட்டத்தின் விதிகளுக்குள் அடங்காததற்குக் கவுன்சிலிடம் எடுப்பது) தேவைப்படாது. எங்கள் பகுதித் திட்டமும் அப்படித்தான்: தூக்குமுன் ஒரு பரிசோதனை அறிக்கை, வெளிவேலையை 12 மாதத்துக்குள் முடிப்போம் என்று கையெழுத்து, அது போதும்.

ஆனால் காணி சரிவு. எல்லையிலிருந்து சாய்வாக ஒரு கற்பனைக் கோடு இழுத்து, கூரை அதற்குள் அடங்க வேண்டும் என்பது விதி. எங்கள் கூரையின் ஒரு மூலை அதைச் சாடையாகக் கிழித்தது. கவுன்சில் முகப்பில் இருந்த பிள்ளை முழு வள அனுமதிக்கு விண்ணப்பிக்கச் சொன்னா. நிறுவனமும் தலையாட்டியது. வழி காட்டினது பக்கத்துக் காணியில் மாடு வளர்க்கும் கிழவர். 2017இலிருந்து, மீறுவது எல்லை விதியை மட்டும் என்றால், பாதிக்கப்படும் அயலவர் கையெழுத்திட்டால் போதும். சரியான கடதாசி போய்ச் சேர்ந்து 10 வேலைநாளுக்குள், வள அனுமதி தேவையில்லை என்று கவுன்சில் அறிவித்தல் தர வேண்டும். கிழவர் தன் கொட்டிலுக்கு அப்படித்தான் எடுத்தாராம். வரைபடத்திலேயே கையெழுத்து வைத்துத் தந்தார். இது நிறுவனத்துக்கு எப்படித் தெரியாமல் போனது? நாளாந்தம் வீடு தூக்குகிற ஆட்கள்!

கட்டட அனுமதிக்கும் சட்டப்படி 20 வேலைநாள்தான். ஆனால் அவர்கள் ஒரு கேள்வி கேட்டால் மணிக்கூடு நின்றுவிடும். எங்களுக்கு இரண்டு தரம் நின்றது. இரண்டாம் தரம் கேட்டது முதல் தரமே அனுப்பின கழிவுநீர் வரைபடத்தை.

வேலை என்று வந்தால் அந்த ஆட்களைக் கும்பிட வேண்டும். ஓடு இறக்கி, புகைபோக்கியை இடித்து, வீட்டை நடு வழியால் இரண்டாக அறுத்தார்கள். இரவு மஞ்சள் வெளிச்சத்தோடு முன்னோடி வாகனம் வர, அரை வீடு ஒன்று வளைவில் திரும்பினதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். குசினி யன்னலில் திரைச்சீலை அப்படியே தொங்கியது. அடுத்த நாள் வீட்டை மரக்குற்றி அடுக்குகளின் மேல் ஏற்றி வைத்துவிட்டு, அதற்குக் கீழே தவழ்ந்து குழி தோண்டிக் கொங்கிறீற் ஊற்றினார்கள். நான் அதற்குள் தலையைக்கூட விடவில்லை.

பொருத்தி முடிந்ததும் மனைவி நடு வழியில் ஒரு தேசிக்காய் வைத்தா. அது உருண்டு தென்மேற்கு மூலைக்குப் போனது. மேற்பார்வையாளர் சிரிக்கவில்லை. மட்டம் வைத்துப் பார்த்து, மூன்று நாளில் வந்து ஜக் போட்டு உயர்த்தித் தந்தார். இப்போது தேசிக்காய் நிற்கிறது.

முற்பணம் கட்டுமுன் இரண்டைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்: மாவட்டத் திட்டத்தை யார் பார்ப்பது, காணி உறுதியை யார் வாசிப்பது. அறுத்த இடத்துக் கூரைப் பொருத்தில் கடும் மழைக்கு இன்னும் ஒழுகுகிறது. வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதுவரை கடைசித் தவணை என்னிடம்தான்.