கிலாவேயாவில் ஒரு பகல் நடை: மூன்று காட்டுப் பாதைகளில் எது?

கிலாவேயா எரிமலை இருக்கும் ஹவாய் எரிமலை தேசியப் பூங்காவுக்குப் போகிறவர்களில் பலர் அங்கே ஒரே ஒரு பகலைத்தான் நடைக்கு ஒதுக்குகிறார்கள். பூங்காவில் பாதைகளோ ஏராளம். பாலைவனத்தில் போகிறவை, கடற்கரைக்கு இறங்குகிறவை, மௌனா லோவா உச்சி வரை நாள்கணக்கில் ஏறுகிறவை என்று எல்லா வகையும் உண்டு. எங்களுக்கு வேண்டியது காடு. மழைக்காட்டுக்குள் நடக்க வேண்டும், எரிமலையையும் பக்கத்தில் பார்க்க வேண்டும், இருட்டுவதற்குள் நாங்கள் தங்கிய ஹீலோ நகரத்துக்குத் திரும்ப வேண்டும். இப்படிச் சலித்துப் பார்த்ததில் மூன்று பாதைகள் மிஞ்சின: கிலாவேயா இக்கி வட்டப் பாதை, ஹலெமாவுமாவு இறக்கப் பாதை, மௌனா லோவா சாலையோரம் இருக்கும் கீபுகபுவாவுலு. அந்த முழுப் பகலைக் கிலாவேயா இக்கிக்குக் கொடுத்தோம். மறுபடி போனாலும் அதற்கே கொடுப்பேன். காருக்கு 30 டாலர் நுழைவுக் கட்டணம் கட்டினால் ஏழு நாள் செல்லும் என்பதால், மற்ற இரண்டிலும் அந்த வாரத்திலேயே கால் வைத்துப் பார்த்தோம்.

மூன்றுக்கும் பொதுவானதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஹீலோவிலிருந்து காரில் முக்கால் மணி நேரம். தீவின் மேற்குக் கரையில் கோனா பக்கம் தங்கினால் இரண்டு மணி நேரத்துக்கும் மேல். உயரம் சுமார் 1,200 மீட்டர் என்பதால் கடற்கரையைவிட ஏழெட்டு டிகிரி குளிர்ச்சியாக இருக்கும். மழை எப்போது வேண்டுமானாலும் வரும், குடை உதவாது, ரெயின் கோட் வேண்டும். பாதைகளில் தண்ணீரோ சாப்பாடோ கிடைக்காது. அதனால் காலையில் ஹீலோவிலேயே கட்டிக்கொள்ளுங்கள். காலை ஒன்பதுக்குள் போய்ச் சேர்ந்துவிட்டால் பார்க்கிங் தலைவலி இல்லை.

ஹலெமாவுமாவு பாதை வால்கனோ ஹவுஸ் விடுதிக்கு அருகில் தொடங்குகிறது. பெரிய எரிமலைப் பள்ளத்தின் தரை வரை சுமார் 130 மீட்டர் இறங்கி, அதே வழியில் திரும்ப வேண்டும். போக வர இரண்டரை கிலோமீட்டர்தான். காடு மூன்றிலும் இங்கேதான் மிக அடர்த்தி என்று எனக்குப் பட்டது. இரண்டு பக்கமும் ஹாபுவு என்கிற மரப்பெரணிகள் தலைக்கு மேல் கூரை கட்டி நிற்கின்றன. பாறைச் சுவரெல்லாம் பாசி, ஓயாத ஈரச் சொட்டு. ஆனால் நடை பாதியில் அறுந்துபோகிறது. ஒரு காலத்தில் பள்ளத்தின் தரையையே குறுக்காகக் கடந்து ஹலெமாவுமாவு குழி வரை நடந்து போனார்கள். 2008 மார்ச்சில் குழிக்குள் புதிய வாய் திறந்து வாயு கொட்டத் தொடங்கியதும் அந்த வழி மூடப்பட்டது. 2018-ல் குழியே சரிந்து சுமார் 500 மீட்டர் ஆழத்துக்கு இறங்கிவிட்டது. ஆக, இறங்கிப் போய் நின்று, பார்த்துவிட்டு ஏறி வரலாம். ஒரு காலைப் பொழுதுக்குச் சரி, ஒரு பகலுக்குப் போதாது. நாங்கள் முழுவதும் இறங்கவில்லை. ஏன் என்பதைக் கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன்.

கீபுகபுவாவுலு வேறு மாதிரி. எரிமலைக் குழம்பு சுற்றி ஓடி, நடுவில் தொடாமல் விட்டுவைத்த பழைய காட்டுத் தீவு அது. சாம்பல் படிந்து படிந்து மண் ஆழமாகிவிட்டதால் மரங்கள் ஓங்கி வளர்ந்திருக்கின்றன. கோவா, ஓஹியா, அப்புறம் மானெலே. இந்த மானெலே நம் பூந்திக்கொட்டை மரத்தின் நெருங்கிய சொந்தம், ஒரே பேரினம். வட்டப் பாதை இரண்டு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு, ஏற்றம் அதிகம் இல்லை, நல்ல நிழல். சிவப்பு நிற அபாபனே பறவைகளின் சத்தம் மேலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கும். பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறீர்கள் என்றால் இதை விட்டால் வேறு நல்ல பாதை இல்லை. ஆனால் எரிமலைப் பள்ளம் இங்கிருந்து கண்ணில் படாது. அவ்வளவு தூரம் விமானம் ஏறி வந்து, இதோடு திரும்ப எனக்கு மனம் வராது.

இனி நாங்கள் முடிவெடுத்த காரணத்துக்கு வருகிறேன். தூரமோ, ஏற்றமோ, காட்சியோ இல்லை. காற்று.

என் மனைவிக்கு வீசிங் உண்டு. கிலாவேயா உயிருள்ள எரிமலை. 2024 டிசம்பர் 23 அன்று ஹலெமாவுமாவு குழியில் தொடங்கிய வெடிப்பு பல கட்டங்களாக விட்டுவிட்டுப் பொங்கியது. சில கட்டங்களில் குழம்பு 300 மீட்டருக்கும் மேலே பீய்ச்சியது. பொங்காத நாட்களிலும் குழியிலிருந்து கந்தக டையாக்சைடு வந்துகொண்டேதான் இருக்கும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது சிறிய அளவிலேயே மூச்சை இறுக்கிவிடும். இதய நோயாளிகள், சிறு குழந்தைகள், கர்ப்பிணிகளும் கவனமாக இருக்க வேண்டும். சாதாரண முகக்கவசம் தூசியைத் தடுக்கலாம், இந்த வாயுவைத் தடுக்காது. பாதையை எப்படி ஒப்பிட்டாலும், அந்த நாளில் அந்தப் புகை எந்தப் பக்கம் போகிறது என்பது தெரியாமல் ஒப்பீடு முடியாது.

பெரும்பாலான நாட்களில் இந்தத் தீவில் வடகிழக்கிலிருந்து காற்று வீசுகிறது. குழியிலிருந்து வரும் புகையை அது தென்மேற்காகத் தள்ளிக்கொண்டு போகும். இது பூங்காவின் நிலத்திலேயே எழுதியிருக்கிறது. குழிக்குத் தென்மேற்கே இருப்பது காவு பாலைவனம். அங்கேயும் மழை பெய்யத்தான் செய்கிறது. ஆனால் எரிமலை வாயு கலந்து அமிலமாக விழுவதால் செடி பிடிப்பதில்லை. அங்கிருந்து சில கிலோமீட்டர் கிழக்கே வந்தால் மரப்பெரணிகள் மண்டிய மழைக்காடு. இரண்டுக்கும் நடுவே காரில் போகும்போது இந்த மாற்றம் சில நிமிடங்களில் கண் முன்னாலேயே நடக்கிறது.

கிலாவேயா இக்கிப் பள்ளம் அந்தக் கிழக்குப் பக்கம் இருக்கிறது. அதற்கென்றே ஒரு சாட்சியும் உண்டு. 1959 நவம்பர் 14 அன்று இந்தப் பள்ளத்தின் சுவரில் பிளவு திறந்து, டிசம்பர் 20 வரை அடங்குவதும் பொங்குவதுமாக இருந்தது. உச்சத்தில் குழம்பு 580 மீட்டர் உயரம் எழுந்தது. அப்போது பறந்த கங்குகளைக் காற்று தென்மேற்காகத் தள்ளித் தள்ளிக் குவித்ததில் உருவானதுதான் புவு புவாயி என்கிற குன்று. அந்தப் பக்கம் இருந்த காடு கங்குமழையில் புதைந்து பட்டுப்போனது. டெவஸ்டேஷன் பாதையில் அந்த இடத்தை இன்றும் பார்க்கலாம். எதிர்ப்பக்கம், அதாவது காற்று வரும் பக்கத்து விளிம்பில், காடு அப்படியே தப்பித்துக்கொண்டது. நாம் நடக்கப்போவது அந்தத் தப்பித்த காட்டில்தான். ஒரே பள்ளத்தின் இரண்டு கரைகளும் இப்படி வேறு வேறு கதை சொல்வதைக் கண்ணால் பார்த்தபோது, வரைபடத்தை வைத்து நான் போட்ட கணக்கில் எனக்கு நம்பிக்கை வந்தது.

இதே கணக்கில்தான் ஹலெமாவுமாவு பாதை பின்தங்கிவிடுகிறது. கந்தக டையாக்சைடு காற்றைவிட இரண்டு மடங்குக்கும் மேல் கனமானது. காற்று ஓய்ந்திருக்கும் நேரத்தில் பள்ளமான இடங்களில் தேங்கப் பார்க்கும். அந்தப் பாதையோ புகை கிளம்பும் அதே பெரிய பள்ளத்துக்குள்தான் இறங்குகிறது. அதிலும் மூச்சு வாங்க வைக்கும் ஏற்றம் முழுவதும் திரும்பி வரும்போதுதான் வருகிறது. நாங்கள் போன அன்று காற்று மந்தமாக இருந்ததால், காட்டின் நடுப்பகுதியோடு நிறுத்திக்கொண்டு மேலே வந்துவிட்டோம். உங்கள் கூட்டத்தில் மூச்சுப் பிரச்னை யாருக்கும் இல்லை, காற்றும் நன்றாக வீசுகிறது என்றால் இந்தக் குறை உங்களுக்குப் பெரிதாகத் தெரியாது. தாராளமாகக் கீழே வரை போய் வரலாம்.

கிலாவேயா இக்கியில் இறக்கமே இல்லையா என்றால், இருக்கிறது. 120 மீட்டர் இறங்கி ஏற வேண்டும். ஆனால் இது தனிப் பள்ளம். தரையில் அங்கங்கே கிளம்பும் ஆவி, மழைநீர் உள்ளே இறங்கிச் சூடான பாறையில் பட்டு வருகிற நீராவிதான். இன்னொரு வசதி, இறங்குவதற்கு முன்பே முடிவெடுக்க நேரம் கிடைக்கிறது. பார்க்கிங்கிலிருந்து விளிம்புக் காட்டின் வழியே நல்ல தூரம் சமமாகத்தான் நடக்கிறோம். வாடை அடித்தால், தொண்டை கரித்தால், வந்த வழியே நிதானமாகக் காருக்குத் திரும்பிவிடலாம். தரைக்கு இறங்கிவிட்டால் எந்தப் பக்கம் போனாலும் ஏறித்தான் ஆக வேண்டும். அதனால் இறங்கும் இடத்தில் ஐந்து நிமிடம் நின்று, மூச்சு எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு இறங்குங்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

வட்டம் மொத்தம் 5.3 கிலோமீட்டர். பூங்கா நிர்வாகமே இடஞ்சுழியாகச் சுற்றச் சொல்கிறது, அது நல்ல யோசனை. அப்படிப் போனால் முதலில் வடக்கு விளிம்பின் காடு வருகிறது. மரங்கள் விலகும் இடத்திலெல்லாம் பள்ளம் கீழே தெரியும், தரையில் நடப்பவர்கள் எறும்பு அளவில் தெரிவார்கள். மேற்கு முனையில் கல் படிகள் வழியே இறக்கம். மழை நாளில் வழுக்கும், ஊன்றுகோல் இருந்தால் நல்லது. அப்புறம் தரை. 1959-ல் குழம்பு ஏரியாக நின்று உறைந்த இடம் அது. கோடையில் வற்றிய ஏரிப் படுகைபோலப் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது, கறுப்பாக, பாறையாக. வெடிப்புகளில் சின்னச் சின்ன ஓஹியாக் கன்றுகள் சிவப்புப் பூவோடு நிற்கின்றன. வழி காட்டுவது கற்குவியல்கள் மட்டுமே. அவற்றைக் கலைப்பதோ, ஆசைக்குப் புதிதாக ஒன்று அடுக்குவதோ பின்னால் மூடுபனியில் வருகிறவரைத் திசைமாற்றிவிடும். கிழக்கு முனையில் ஏற்றம் வளைந்து வளைந்து நிழலிலேயே போவதால் நினைத்த அளவு கடுமை இல்லை. மேலே வந்ததும் நாஹுகு குகை எதிரிலேயே இருக்கிறது. அதையும் பார்த்துவிட்டு, விளிம்போரமாக நடந்தால் கார் நிற்கும் இடம் வந்துவிடும்.

இரண்டு மூன்று மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்பார்கள். காட்டுக்காக வருகிறவர்கள் அவ்வளவு வேகமாகப் போக வேண்டியதில்லை. சாப்பாட்டோடும் குகையோடும் சேர்த்து எங்களுக்கு நல்ல ஒரு பகல் ஆனது.

பாதை தொடங்கும் இடத்தில் ஷூவின் அடிப்பக்கத்தைத் தேய்க்கும் பிரஷ் வைத்திருப்பார்கள். தயவுசெய்து தேய்க்காமல் அதைத் தாண்டிப் போகாதீர்கள். ஓஹியா மரங்களை ஒரு பூஞ்சை நோய் இந்தத் தீவில் பெருமளவு கொன்றுகொண்டிருக்கிறது, அது மண்ணோடு ஒட்டிக்கொண்டு பரவும். ஓஹியா நம் நாவலின் குடும்பம். இந்தக் காட்டின் முதுகெலும்பே அதுதான். புதிய குழம்புப் பாறையில் முதலில் முளைக்கும் மரமும் அதுதான், பழைய காட்டின் உச்சியில் நிற்பதும் அதுதான். அது போனால் அபாபனேவுக்குத் தேன் இல்லை. ஒரு நிமிட வேலை, ஷூவின் பள்ளங்களில் இருக்கும் சேறு போகும் வரை தேய்த்துவிட்டுப் போங்கள்.

நான் அடித்துச் சொல்ல முடியாத இடங்களும் உண்டு. நான் சொன்ன கணக்கு வடகிழக்குக் காற்று வீசும் நாளுக்கானது. கோடையில் அது ஓரளவு நிலையாக வீசும். குளிர்காலத்தில் பலவீனமாகி, இடையிடையே தெற்கிலிருந்து கோனாக் காற்று வரும். அப்போது புகை வடக்கே, விடுதிப் பக்கமும் வால்கனோ ஊர்ப் பக்கமும் திரும்பும். அந்த மாதிரி நாளில் நான் அங்கே நடந்ததில்லை. கீபுகபுவாவுலுவும் குழிக்கு வடமேற்கே இருப்பதால் அதுவும் தப்பும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. குழம்பு பொங்கும் நாளிலும் நாங்கள் அங்கே இல்லை. சில சமயம் பாதைகளை மூடிவிடுகிறார்கள்.

ஆகவே முந்தின இரவே தீர்மானிக்காமல், காலையில் கிளம்பும் முன் பூங்காவின் இணையதளத்தைத் திறந்து பாருங்கள். கந்தக டையாக்சைடு அளவை இடம் வாரியாக நிறக் குறியீட்டோடு போடுகிறார்கள், மூடிய பாதைகளின் பட்டியலும் அங்கேயே இருக்கும். காற்று வடகிழக்கு, நிறம் பச்சை என்றால் கிலாவேயா இக்கி. பச்சை இல்லை, உங்களுடன் வருபவருக்கு மூச்சுப் பிரச்னையும் உண்டு என்றால் அன்றைக்கு மலைப்பக்கமே வேண்டாம், ஹீலோவிலேயே இருந்துவிடுங்கள். டிக்கெட்தான் ஏழு நாள் செல்லுமே, மறுநாள் போய்க்கொள்ளலாம். பச்சையாக இருந்தாலும் இன்ஹேலரைக் காரில் வைத்துவிட்டுப் போகாமல் சட்டைப் பையிலேயே எடுத்துச் செல்லுங்கள்.