பூவேலை இல்லாத ஃபாக்ஸ்

ஏ.எச். ஃபாக்ஸ் ஸ்டெர்லிங்வொர்த் என்ற பழைய அமெரிக்கத் துப்பாக்கி. குழலின் அளவு பன்னிரண்டு போர் (bore), இரட்டைக் குழல், இரண்டு விசை. பிலடெல்பியாவில் செய்தது. தாண்டிக்குடிக்குப் பக்கத்தில் காப்பியும் மிளகும் மலைவாழையும் வைத்திருக்கும் எனக்கு இது எப்படி வந்தது என்று முதலில் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் இந்த நாட்டில் இப்படி ஒரு துப்பாக்கியைக் கடைக்குப் போய்ப் புதிதாக வாங்க வழியில்லை. 1980களின் நடுவிலிருந்து சாதாரண உரிமக்காரர் வெளிநாட்டுத் துப்பாக்கியை வரவழைக்க முடியாது. ஏற்கெனவே உள்ளே இருப்பவைதான் கைமாறிக்கொண்டிருக்கின்றன.

என் தாத்தாவுக்கு இதைக் கொடுத்தவர் கோடைக்குக் கொடைக்கானல் வந்து தங்கும் ஓர் அமெரிக்கப் பாதிரியார். மதுரையின் அமெரிக்க மிஷன்காரர்கள் 1845 முதலே கொடைக்கானலில் வீடு கட்டிக்கொண்டவர்கள். 1901இல் தங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் வைத்தார்கள். வேதப் புத்தகத்தோடு துப்பாக்கியும் கப்பலேறி வந்திருக்கிறது. தாத்தாவுக்குப் பிறகு சித்தப்பா வைத்திருந்தார். 2019இல் ஆயுதச் சட்டம் திருத்தப்பட்டு, ஒருவர் மூன்று வரை வைத்துக்கொள்ளலாம் என்பது இரண்டாகக் குறைந்தது. சித்தப்பாவிடம் மூன்று இருந்தன. பக்கத் தகட்டில் காட்டுக்கோழியும் கொடியுமாகச் செதுக்கிய பெல்ஜியத் துப்பாக்கியை விட அவருக்கு மனம் வரவில்லை. "இதில் ஒரு பூவேலைகூட இல்லை, நீ வாழைக்குக் காவல் வைத்துக்கொள் தாயி" என்று இதை என் பக்கம் தள்ளிவிட்டார். பயிர்ப் பாதுகாப்பு உரிமம் என் பெயரில் முன்பே இருந்ததால் திண்டுக்கல்லுக்கு அலைந்ததோடு வேலை முடிந்தது. பெண்பிள்ளைக்கு எதற்குத் துப்பாக்கி என்று கேட்டவர்களுக்கு அன்றும் நான் பதில் சொல்லவில்லை, இங்கேயும் சொல்லப்போவதில்லை.

சித்தப்பா சொன்னது சரிதான், பூவேலை இல்லை. ஃபாக்ஸ் வரிசையில் ஸ்டெர்லிங்வொர்த் அடிமட்டத் தரம். தோளில் வைக்கச் சாதாரண அக்ரூட் மரக் கட்டை, ஓரமாக ஒரு கோடு, அவ்வளவுதான். ஆனால் திருகுகளைக் கழற்றி உள்ளே பார்த்தவர்கள் அதை அடிமட்டம் என்று சொல்ல மாட்டார்கள். ஃபாக்ஸின் சுடும் பொறி விலை உயர்ந்த தரத்துக்கும் விலை குறைந்த தரத்துக்கும் அடிப்படையில் ஒன்றே. 1909இல் ஆப்பிரிக்காவுக்கு வேட்டைக்குப் போன முன்னாள் அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டுக்கு ஃபாக்ஸ் நிறுவனம் உச்சத் தரத்தில் ஒன்று செய்து கொடுத்தது. அது 2010இல் 8,62,500 டாலருக்கு ஏலம் போனது. அன்றைய மதிப்பில் நான்கு கோடி ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. அதற்குள்ளும் இதே ஏற்பாடுதான். மிச்ச விலை மரத்துக்கும் உளிக்கும் ரூஸ்வெல்ட்டுக்கும்.

அந்த ஏற்பாட்டைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும். பல இரட்டைக் குழல் துப்பாக்கிகளில் குதிரை, அதாவது சுத்தியல்போல் அடிக்கும் உறுப்பு, தனி; தோட்டாவைக் குத்தும் ஊசி தனி. ஃபாக்ஸில் குதிரையின் மூக்கே ஊசி. ஒரு குழலுக்குக் குதிரை, அதைப் பிடித்து நிறுத்தும் கொக்கி, ஒரு சுருள்வில் என்று முக்கிய உறுப்புகள் மூன்றோடு முடிந்துவிடுகின்றன. உறுப்பு குறைந்தால் ஒன்றோடொன்று பொருந்த வேண்டிய இடங்களும் குறையும். அந்தக் குறைந்த இடங்களில் அரம் பிடித்தவர் முழுக் கவனத்தையும் செலுத்த முடியும். இதற்கு மறுபக்கமும் உண்டு. மூக்கு உடைந்தால் ஊசியை மட்டும் மாற்ற முடியாது, குதிரையையே புதிதாகச் செய்ய வேண்டும். அமெரிக்காவிலிருந்து உதிரி வரவழைப்பதை நம்மால் நினைத்தும் பார்க்க முடியாது. ஆகவே வெறும் குழலில் விசையை அழுத்தி விளையாடும் பழக்கம் உள்ளவர்கள் வீட்டில் இந்தத் துப்பாக்கி இருக்கக் கூடாது.

இரண்டாவது விஷயம் பூட்டு. குழலை மடக்கி மூடும்போது மேலே ஒரு சுழலும் தாழ்ப்பாள் குழலின் பின்நீட்டத்தைப் பிடித்துக்கொள்ளும். அது ஆப்பு மாதிரி சரிவாகத் தேய்க்கப்பட்டிருக்கிறது. வருஷக்கணக்கில் தேயத் தேய இன்னும் கொஞ்சம் உள்ளே சுழன்று போய்ப் பிடிக்கும், ஆட்டம் வராது. எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதை மேலே இருக்கும் திறப்புக் கைப்பிடியே காட்டிவிடும். புதிதில் அது நடுக்கோட்டுக்கு வலப்பக்கம் நிற்கும், தேயும்போது நடுவுக்கு வரும், பிறகு இடப்பக்கம் போகும். மூன்று தலைமுறை கண்ட என் துப்பாக்கியில் அது இன்னும் நூலளவு வலப்பக்கம்தான் நிற்கிறது. நிறுவனத்தைத் தொடங்கிய ஆன்ஸ்லி ஃபாக்ஸ் தன் விளம்பரங்களில் உலகிலேயே மிகச் சிறந்த துப்பாக்கி இதுதான் என்று போட்டுக்கொண்டார். வியாபாரி அப்படித்தான் சொல்வார். அந்தக் கைப்பிடியைப் பார்த்த பிறகு எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. மனிதர் தன் பெயரில் இருந்த நிறுவனத்தைச் சில வருஷங்களிலேயே விட்டு வெளியேறி, பின்னால் காற்றால் குளிரும் எஞ்சின் வைத்து மோட்டார் கார் செய்யப் போனார். அந்தக் கார் நிலைக்கவில்லை.

வந்த புதிதில் துப்பாக்கியை மதுரையில் ஒரு பழைய பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோனேன். பெரியவர் எடுத்த எடுப்பில் திருப்புளியைத் தொடவில்லை. குழலைக் கழற்றி, அடிக்கொக்கியில் நூல் கட்டித் தொங்கவிட்டு, பென்சிலால் ஒரு தட்டு தட்டினார். கணீரென்று நின்று ஒலித்தது. "பற்றவைப்பு எங்கும் விடவில்லை அம்மா" என்றார். குழல்களை இணைக்கும் பட்டை எங்காவது விட்டிருந்தால் ஒலி மொத்தையாக வரும் என்று விளக்கினார். பிறகு திருகுகள். இந்தத் திருகுகளின் காடி மெல்லியது. கடையில் கிடைக்கும் திருப்புளி உள்ளேயே போகாது, போனால் விளிம்பைக் கிழிக்கும். ஒவ்வொரு திருகுக்கும் ஒரு திருப்புளியின் நுனியைச் சாணையில் தேய்த்து அளவாக்கிக்கொண்டுதான் கழற்றினார். உள்ளே பழைய எண்ணெய் மஞ்சளாக இறுகிப்போயிருந்தது. மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்தபோது எஃகின் மேல் அரத்தின் கோடுகள் மெல்லியதாகத் தெரிந்தன. யாரும் பார்க்கப்போகாத இடத்தில்கூட எல்லாக் கோடும் ஒரே திசையில் ஓடியிருந்தன.

கட்டை எனக்கு நீளம். அதை முக்கால் அங்குலம் வெட்டச் சொன்னேன். துப்பாக்கி சேகரிப்பவர்கள் இதைப் படித்தால் தலையில் அடித்துக்கொள்வார்கள். வெட்டிய கட்டைக்கு ஏலத்தில் மதிப்பு குறையும். இருக்கட்டும், தோளில் வைத்துச் சுடுகிறவள் நான். வெட்டிய இடத்தில் பழைய கறுப்புத் தகட்டையே திரும்பப் பொருத்த வேண்டியிருந்தது. பெரியவர் சிம்னி விளக்கின் திரியைத் தூண்டி, தகட்டின் உட்பக்கத்தில் புகைக்கரி பிடிக்க வைத்தார். கட்டையில் அழுத்தி எடுத்தால் மேடான இடத்தில் மட்டும் கரி ஒட்டும். அதை மட்டும் அரத்தால் தொடுவார். மறுபடி கரி, மறுபடி அழுத்தல். கட்டை முழுக்க ஒரே சீராகக் கறுக்கும் வரை விடவில்லை. கடைசியில் மரத்துக்கும் தகட்டுக்கும் நடுவே நகம் போகவில்லை. இரண்டு விசையின் கனத்தையும் வில் தராசு மாட்டி இழுத்துப் பார்த்து, "இதைத் தொட எனக்கு வேலை இல்லை" என்று விட்டுவிட்டார். கூலி நாலாயிரத்துச் சொச்சம்.

கட்டையில் ஒரு விஷயத்தை அவராலும் மாற்ற முடியவில்லை. அந்தக் காலத்து அமெரிக்க இரட்டைக் குழல்களில் கட்டை பின்னால் நிறையத் தாழ்ந்திருக்கும். தலையை நிமிர்த்திச் சுடுகிற பழக்கம் அவர்களுக்கு. கன்னத்தைக் கட்டையில் ஒட்டிச் சுடுகிறவர்களுக்குக் குழல் மறைந்து, துப்பாக்கியின் வெறும் முதுகுதான் தெரியும். தோல் மடித்து வைத்துக் கட்டிக்கொண்டு சமாளிக்கிறேன்.

சுட்டுப் பார்த்ததையும் சொல்ல வேண்டும். காப்பிக் களத்தின் ஓரத்தில் உயரமான மண்சரிவு இருக்கிறது. அதன்மேல் செய்தித்தாள்களை ஒட்டி, நாற்பது கஜம் தள்ளி நின்று, முப்பது அங்குல வட்டத்துக்குள் எத்தனை குண்டு விழுகிறது என்று பார்ப்பதுதான் உலகெங்கும் வழக்கம். கிர்க்கி தொழிற்சாலையின் சக்திமான் தோட்டா, குண்டின் அளவு நாலாம் நம்பர். வலக்குழல் அகலமாகப் பரப்பியது, இடக்குழல் நெருக்கமாக. நடுவில் ஓட்டை விழாமல் சீராக இருந்ததுதான் எனக்குப் பிடித்தது. இரண்டு குழலும் ஒரே இடத்தை நோக்கின. இரட்டைக் குழல் செய்பவர்களுக்கு இதுதான் கடினமான வேலை. காட்டுப்பன்றியையோ காட்டுமாட்டையோ சுட 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் விடாது, எனக்கும் அந்த எண்ணமில்லை. ராத்திரியில் வானத்தைப் பார்த்து ஒன்று போட்டால் போதும், பன்றிக்கூட்டம் பள்ளத்தில் இறங்கிவிடும். இந்த வேலைக்கு எந்தத் துப்பாக்கியும் போதும் என்று சித்தப்பா கிண்டல் செய்வார். இருட்டில், மழையில், சறுக்கும் வரப்பில் நிற்கிறபோது, ஒவ்வொரு முறை திறந்து மூடும்போதும் விசையைத் தானாகவே பூட்டிக்கொள்ளும் பாதுகாப்புத் தாழ் எவ்வளவு பெரிய நிம்மதி என்பது அவருக்குத் தெரியாது.

ஓர் எச்சரிக்கை. அந்தக் காலத்து அமெரிக்கப் பன்னிரண்டு போர்களில் பலவற்றின் தோட்டா அறை 2⅝ அங்குலம்தான். தோட்டாப் பெட்டியில் 65 மில்லிமீட்டர் என்றிருக்கிறதா 70 என்றிருக்கிறதா என்று பார்க்காமல் எதையும் போடாதீர்கள். முதலில் அறையை அளக்கச் சொல்லுங்கள்.

எங்கள் மலையின் ஈரம் எந்த எஃகையும் விடாது. ஐப்பசி, கார்த்திகையில் மஞ்சு இறங்கினால் காலையில் துடைத்த குழலில் மாலையில் கை ரேகை துருவாகப் பதியும். துப்பாக்கிக்குப் பூசும் ரங்கூன் எண்ணெய் தவிர வேறெதையும் நான் நம்புவதில்லை. உறைக்குள் வைத்துப் பூட்டுவதைவிட அலமாரியில் காற்றோட்டமாக நிறுத்துவது நல்லது. தேர்தல் வந்தால் துப்பாக்கியை ஒப்படைக்க வேண்டும். அப்போது மட்டும் குழலுக்குள் எண்ணெய்த் துணி செருகிக் கொடுக்கிறேன். திரும்பி வந்ததும் முதல் வேலை துணியை உருவிப் புதிதாகத் துடைப்பது.

புதிய ஃபாக்ஸ் கிடைக்குமா என்றால், அமெரிக்காவில் கிடைக்கும். கனெக்டிகட் மாநிலத்தின் நியூ பிரிட்டனில் இருக்கும் கனெக்டிகட் ஷாட்கன் நிறுவனம் 1993 முதல் அந்தப் பெயரில் மறுபடி செய்துவருகிறது. கோல்ட், வின்செஸ்டர், பார்க்கர் என்ற துப்பாக்கி நிறுவனங்கள் பிறந்த மாநிலம் அது. இன்று உறுப்புகளை வெட்ட இயந்திரம் வந்துவிட்டது. கடைசிப் பொருத்தல் கையால்தான். விலை பல்லாயிரம் டாலர். மரமும் செதுக்கலும் ஏற ஏற விலையும் ஏறுகிறது. அந்தப் பணம் எனக்கு இருந்தாலும் செதுக்கலுக்கு ஒரு காசு கொடுக்க மாட்டேன். பொருத்தலுக்குக் கொடுப்பேன்.

இங்கே யாராவது பழைய ஃபாக்ஸ் விற்கிறார்கள் என்றால், ஃபாக்ஸ் மாடல் பி என்ற பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 1929இல் சாவேஜ் நிறுவனம் ஃபாக்ஸை வாங்கியது. பின்னால் ஸ்டீவன்ஸ் துப்பாக்கியின் உடம்புக்கு ஃபாக்ஸ் பெயரைச் சூட்டி மலிவாக விற்றார்கள். அது உழைக்கும், ஆனால் நான் இவ்வளவு நேரம் சொன்ன துப்பாக்கி அது அல்ல. குழலில் பிலடெல்பியா என்றிருந்தால் பெரும்பாலும் 1930க்கு முந்தையது. திறப்புக் கைப்பிடி எந்தப் பக்கம் நிற்கிறது என்று பாருங்கள். இடப்பக்கம் போயிருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். பிறகு குழலைக் கழற்றி, குழலின் அடியிலும் உடலிலும் முன்கட்டை இரும்பிலும் இருக்கும் எண்கள் மூன்றும் ஒன்றா என்று பார்த்து, அதை விற்பவரின் உரிமப் புத்தகத்தோடு ஒப்பிட்ட பிறகே முன்பணம் கொடுங்கள்.