அரங்கப் பயிற்சியா, வீட்டில் கூட இருந்து காட்டுவதா?

குழந்தைகளைப் பிறப்பு முதல் 18 வயதுவரை பரிசோதிக்கும் ஆர்.பி.எஸ்.கே. (ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய காரியக்ரம்) என்ற மத்திய அரசுத் திட்டம் 2013-இல் வந்தது. வளர்ச்சித் தாமதம் தெரிந்தால் குழந்தையை மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையத்துக்கு (சிறுவயதிலேயே சிகிச்சையும் பயிற்சியும் தரும் இடம்) அனுப்புவார்கள். இப்படிப்பட்ட குழந்தைகளுக்கு உதவும் பணியாளர்களுக்கு எப்படிக் கற்றுத்தருவது?

அரங்கப் பயிற்சியில் ஐம்பது பேருக்கு ஒரே நாளில் வளர்ச்சிப் படிகளைச் சொல்லிவிடலாம். அடிப்படைக்கு அது சரி.

ஆனால் பெருமூளை வாதம் (மூளை பாதிப்பால் உடல் அசைவைக் கட்டுப்படுத்த முடியாத நிலை) உள்ள குழந்தையின் தலையை எப்படித் தாங்கி, எப்படி உட்கார வைத்துச் சோறு ஊட்டுவது? இது படம் போட்டுக் காட்டினால் வராது. அனுபவமுள்ள பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்குக் கூடவே போய், பணியாளர் செய்வதைப் பார்த்து, கைப்பிடியைத் திருத்த வேண்டும். அம்மாவும் அப்போதே கற்றுக்கொள்வார். தொலைவான ஊர் என்றால் வீடியோ அழைப்பாவது வேண்டும். பணம் குறைவு என்றால், அரங்க நாட்களைக் குறைத்து இதற்கே கொடுங்கள் என்பேன்.