சிங்கப்பூர் – நியூயார்க்: ஒரே தாவலா, ஃபிராங்க்ஃபர்ட் வழியா?

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து நியூயார்க்கின் ஜே.எஃப்.கே. விமான நிலையம் வரை உலக உருண்டையின் மேல் நூல் பிடித்தால் சுமார் 15,350 கி.மீ. ஃபிராங்க்ஃபர்ட்டில் நின்று போனால் 10,300, 6,200 என இரண்டு கட்டம், மொத்தம் 16,500. கூடுதல் 1,150 கி.மீ. ஜெட் விமானத்துக்கு அது ஒன்றேகால் மணி நேரம். ஆனால் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் அட்டவணையில் நேர் விமானம் 18¾ மணியை ஒட்டியும், ஃபிராங்க்ஃபர்ட் வழி 24 மணியை ஒட்டியும் இருக்கும்.

வித்தியாசத்தில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஃபிராங்க்ஃபர்ட் தரையில் கழிகிறது. பாக்கியில் பெரிய பங்கு காற்றுக்கு. நேர் விமானம் பெரும்பாலும் அந்த நூல் கோட்டில் பறப்பதில்லை. வட பசிபிக் மேல் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் காற்றைப் பிடித்துக்கொள்ள வளைந்து போகிறது. நியூயார்க்குக்குப் பக்கத்திலுள்ள நியூவர்க் தடத்துக்கு அந்த நிறுவனமே சொல்லும் தூரம் 16,700 கி.மீ. தூரம் ஏறினாலும் நேரம் மிச்சம். ஃபிராங்க்ஃபர்ட் வழியோ இரண்டு கட்டமும் மேற்கு நோக்கி, எதிர்காற்றில். அதனால்தான் தூரத்தை ஜெட் வேகமான மணிக்கு 900 கி.மீ.-ஆல் வகுத்து "17 மணி நேரம்" என்று காட்டும் கணக்கிகளை நம்பித் திட்டம் போடக் கூடாது.

திரும்பும்போது கதை மாறுகிறது. ஃபிராங்க்ஃபர்ட் வழியில் இரண்டு கட்டமும் பின்காற்று. மொத்தம் 22 மணிக்குள் முடிந்துவிடும். நேர் விமானத்தால் மிச்சமாவது மூன்று மணி நேரம் மட்டுமே. போக நேர் விமானம், வர ஃபிராங்க்ஃபர்ட் என்று கலந்து எடுப்பதே நல்ல கணக்கு.

செலவைப் பார்ப்பவர்களுக்கு நேர் விமானம் என்ற தேர்வே கிடையாது. நேர் தடத்தில் ஓடும் ஏ350-900 யு.எல்.ஆர். (மிக நீண்ட தூரம் பறக்கும் ஏர்பஸ் வகை) 1,65,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும். எடையைக் கட்டுப்படுத்த இருக்கைகள் 161தான். பிசினஸ் 67, பிரீமியம் எகானமி 94. சாதாரண எகானமி வேண்டுமென்றால் ஃபிராங்க்ஃபர்ட்தான்.

அங்கே விமான எண் மாறாது என்பதற்காக இருக்கையிலேயே தூங்கிவிட முடியாது. கைப்பையோடு இறங்கி, மறுபடி பாதுகாப்புச் சோதனை. தண்ணீர் பாட்டில் போய்விடும். சாங்கியில் வாங்கிய மது, வாசனைத் திரவியம் சீல் வைத்த பையில், ரசீதோடு இருக்க வேண்டும். ஆசைப்பட்டு நடுவழியில் பிரித்தால் பறிமுதல். செக்-இன் பெட்டி நேராக நியூயார்க் வரும்.

பயண நேரத்தை டிக்கெட்டிலிருந்து நீங்களே கணக்கிட்டால், நியூயார்க்கில் இறங்கும் நேரத்தோடு கோடையில் 12 மணியும் குளிர்காலத்தில் 13 மணியும் கூட்டிக்கொள்ளுங்கள். அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறே கடிகாரத்தை மாற்றிவிடும், ஜெர்மனி கடைசி ஞாயிறுதான். இடைப்பட்ட நாட்களில் ஃபிராங்க்ஃபர்ட்டுக்கும் நியூயார்க்குக்கும் வித்தியாசம் ஆறு மணி அல்ல, ஐந்து. நியூயார்க்கில் உள்நாட்டு விமானம் மாறுபவர்கள் அந்த வாரங்களில் நேரத்தை இன்னொரு முறை பார்த்துவிடுவது நல்லது.