கால்வாய் திறந்ததும் தானே மூடிக்கொள்ளும் ஒத்திகைப் பெட்டி

கால்வாய் அடைப்பு ஒத்திகைப் பெட்டியின் சந்தாவைப் பாதி விலைக்கு இறக்கிவிட்டார்கள். அன்றிலிருந்து தேவகோட்டை நண்பர் விடுவதாயில்லை. "நீங்கதான் ரொம்ப நாளா வச்சிருக்கீங்களே, வாங்கலாமா வேண்டாமா, ஒரு வார்த்தை சொல்லுங்க." ஒரு வார்த்தையில் சொல்ல முடிந்தால் சொல்லியிருக்க மாட்டேனா? வாட்ஸாப்பில் தட்டத் தட்ட எனக்கே கோபம் ஏறிக்கொண்டு போனது. அதனால் மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன்.

விற்கும் நிறுவனத்தின் பெயர் வேண்டாம். ஏற்றுமதித் தொழிலில் இருப்பவர்களுக்குச் சொல்லாமலே புரியும். பெட்டிக்குள் எத்தனை சீட்டு, ஆப்பை எப்படி இறக்குவது, நடத்துநராக யார் உட்காரலாம் என்பதெல்லாம் விளம்பரத்திலேயே இருக்கிறது. சூயஸ் கால்வாய் மூடிவிட்டது என்று வைத்துக்கொண்டு, ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, அவரவர் வேலையை அவரவர் செய்து பார்க்கும் பயிற்சி. நேரத்தை ஆப் ஓட்டும். நடுநடுவே "இந்தச் சீட்டை எடு" என்று அதுவே சொல்லும். சீட்டில் புதுத் தலைவலி ஒன்று இருக்கும்.

எங்கள் கம்பெனி காரைக்குடியில். ஆத்தங்குடி டைல்ஸும், பழைய வீடுகளில் இறக்கிய தூண், கதவு, நிலை போன்ற மரச் சாமான்களும் ஐரோப்பாவுக்குப் போகின்றன. தூத்துக்குடியில் கன்டெய்னர் பெட்டி ஏறும், கொழும்பில் பெரிய கப்பலுக்கு மாறும், அப்புறம் செங்கடல், சூயஸ், அதுதான் வழக்கமான வழி. அமெரிக்கக் கிழக்குக் கரைக்குப் போகிற ஒன்றிரண்டு பெட்டிகளுக்கும் பெரும்பாலும் அதே வழிதான். முதலாளி ஆச்சி. கணக்கர், பேக்கிங் மேஸ்திரி, நான், இன்னும் ஓரிருவர். ஆச்சி வீட்டு வளவில் பாயை விரித்து, நடுவில் ஒரு பழைய மேசையைப் போட்டால் ஒத்திகை தொடங்கிவிடும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், பிறகு மறந்தாலும் மறந்துவிடுவேன்.

காய்ச்சல் சீட்டு. இந்தப் பெட்டியில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். யார் கைக்கு வருகிறதோ அவருக்குக் காய்ச்சல். ஒத்திகை முடியும்வரை வாயைத் திறக்கக்கூடாது, கையால் சைகை காட்டவும் கூடாது. முதல் தடவையே அது எங்கள் கணக்கர் கைக்குப் போனது. இன்சூரன்ஸ் பாலிசியின் நகல் எங்கே, சரக்கை அனுப்பிவைக்கும் ஃபார்வர்டரை ராத்திரியில் எந்த எண்ணில் பிடிப்பது, எந்தப் பெட்டி எந்தக் கப்பலில் இருக்கிறது என்பதெல்லாம் அவருக்கு மட்டும்தான் தெரியும். நாங்கள் பீரோவைக் குடைகிறோம். மனிதர் வாயைப் பொத்திக்கொண்டு தவிக்கிறார். நாங்கள் தப்பான கட்டைப் பிரிக்கும்போதெல்லாம் அவர் கண் மட்டும் வேறு பக்கம் ஓடுகிறது. ஆச்சி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மறுநாள் எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து, சிவப்பு ஃபைல் ஒன்றில் போட்டு, எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டியாயிற்று. இந்த ஒரு சீட்டு அப்போது கொடுத்த முழு விலைக்கும் தகும்.

இரண்டாவது, கப்பல் பக்கத்து விவரங்களை ஒழுங்காகச் செய்திருக்கிறார்கள். சரக்கு அனுப்புகிறவர்களாக ஆடுவது போக, கால்வாயை நடத்துகிறவர்களாகவும் ஆடிப் பார்க்கலாம். 2021 மார்ச் 23 அன்று எவர் கிவன் என்ற கப்பல் சூயஸில் எப்படிக் குறுக்கே சிக்கியது என்பதைச் சும்மா "காற்று அடித்தது" என்று விட்டுவிடவில்லை. குறுகலான வாய்க்காலில் பெரிய கப்பல் ஒரு கரையை ஒட்டி வந்தால், கரைக்கும் கப்பலுக்கும் நடுவே தண்ணீர் நெருங்கி வேகமாக ஓடும், அழுத்தம் குறையும். பின்பக்கத்தைக் கரை இழுக்கும், முன்பக்கம் எதிர்க் கரைக்குத் திரும்பும். சுக்கான் பிடிபட வேண்டுமென்று வேகத்தைக் கூட்டினால் அந்த இழுப்பும் சேர்ந்து கூடும். 400 மீட்டர் கப்பலுக்கு அந்த இடத்தில் திரும்ப இடமே கிடையாது. சீட்டு சீட்டாக இதை ஆடிப் பார்க்கும்போது, அப்போது டிவியில் கரையைத் தோண்டிய அந்தச் சின்ன ஜேசிபியைப் பார்த்துச் சிரித்தவர்கள் எல்லாம் அமைதியாகிவிடுகிறார்கள்.

கால்வாய்க்காரர்கள் நிஜத்தில் செய்யும் பயிற்சிகளைப் பற்றியும் பெட்டியில் ஒரு கையேடு இருக்கிறது. சூயஸ் ஆணையம் இஸ்மாயிலியாவில் சிமுலேட்டர் வைத்து, கப்பலுக்கு வழிகாட்டும் பைலட்டுகளுக்குப் பயிற்சி கொடுக்கிறது. பிரான்ஸில் கிரனோபிள் பக்கம் போர்ட் ரெவெல் என்ற இடத்தில் ஒரு ஏரி. அங்கே இருபத்தைந்தில் ஒரு பங்கு அளவில் செய்த கப்பல்களில் கேப்டன்கள் உட்கார்ந்து ஓட்டிப் பழகுகிறார்கள். சூயஸ் போல ஒரு துண்டு வாய்க்காலும் அங்கே உண்டு. பனாமாக்காரர்களும் அதே அளவில் தங்களுக்கென்று ஒரு குளம் வெட்டிவைத்திருக்கிறார்கள். இதில் என்னைக் கவர்ந்தது, இருபத்தைந்தில் ஒரு பங்காகக் கப்பலைச் சுருக்கினால் நேரம் ஐந்து மடங்கு வேகமாக ஓடும் என்ற விஷயம். நிஜக் கப்பலில் ஐந்து நிமிடத்தில் நடப்பது குளத்தில் ஒரே நிமிடத்தில் நடந்து முடிந்துவிடும். அதற்குள் யோசித்துச் சுக்கானைத் திருப்ப வேண்டும். அதற்குக் கணக்கு இருக்கிறது, காரணம் இருக்கிறது.

இந்தப் பெட்டியில் நேரம் நின்றுபோவதற்குத்தான் ஒரு காரணமும் இல்லை.

ஆறாம் நாள். எப்படி ஆடினாலும், எவ்வளவு சொதப்பினாலும், ஆறாம் நாள் ஆப்பில் கொம்பு ஊதும். "கப்பல் மிதந்துவிட்டது! கால்வாய் திறக்கப்பட்டது!" திரையில் பட்டாசு வெடிக்கும். மதிப்பெண் வரும். அத்தோடு ஆட்டம் பூட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு ஒரு சீட்டைக்கூட எடுக்க முடியாது. தாலி கட்டியாயிற்று என்று பந்தி போடாமலே சமையல்காரர் அண்டாவைக் கவிழ்த்துவிட்டுப் போவதைப் போல.

முதல் தடவை கொம்பு ஊதியபோதே ஆச்சி கேட்டார்கள்: "கப்பல் மெதந்துருச்சு, சரி. நம்ம பெட்டி எங்கப்பா இருக்கு?"

ஒத்திகைப் பெட்டிக்கும் தெரியாது, ஆப்புக்கும் தெரியாது. நிஜத்தில் என்ன நடந்தது? மார்ச் 29 அன்று கப்பல் மிதந்தது. காத்து நின்ற நானூற்றுச் சொச்சம் கப்பல்கள் கடந்து முடிய ஏப்ரல் 3 ஆகிவிட்டது. அத்தனையும் ஐரோப்பியத் துறைமுகங்களில் ஒரே நேரத்தில் போய்க் குவிந்தால் என்ன ஆகும்? இறக்க இடமில்லை, காலிப் பெட்டி ஆசியாவுக்குத் திரும்பவில்லை. எவர் கிவன் கதை இன்னும் மோசம். கால்வாய் ஆணையம் நஷ்டஈடு கேட்டு, அதைக் கால்வாய் வழியில் இருக்கும் பெரிய கசப்பேரியிலேயே பிடித்துவைத்தது. முதலில் கேட்டது 91.6 கோடி டாலர். ஜூலை 7 அன்றுதான் விட்டார்கள். ரோட்டர்டாம் போய்ச் சேர்ந்தபோது ஜூலை கடைசி. அந்தக் கப்பலில் இருந்த பதினெட்டாயிரத்துச் சொச்சம் பெட்டிகளில் ஒன்று உங்களுடையது என்றால், ஆறாம் நாள் வெடித்த பட்டாசு உங்களுக்கு எதற்கு?

இன்னொன்றும் உண்டு, அதுதான் எங்களை மாதிரிச் சின்ன ஆட்களின் கழுத்தைப் பிடிப்பது. ஜெனரல் ஆவரேஜ். கப்பலைக் காப்பாற்ற ஆகும் செலவைக் கப்பல்காரரும், அதில் சரக்கு வைத்திருக்கும் அத்தனை பேரும் மதிப்புக்குத் தக்கபடி பங்கு போட்டுக் கொடுக்க வேண்டும். உங்கள் டைல்ஸில் ஒரு கீறல்கூட விழுந்திருக்க வேண்டாம். பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு, இன்சூரன்ஸ்காரரின் உத்தரவாதத்தையும் கொடுத்தால்தான் பெட்டியை விடுவார்கள். இன்சூரன்ஸ் இல்லாதவர் ரொக்கமாக டெபாசிட் கட்ட வேண்டும். எவர் கிவனில் இது நிஜமாகவே அறிவிக்கப்பட்டது, அதுவும் கப்பல் மிதந்த பிறகு. அப்படியென்றால் இந்தப் பெட்டியின் கணக்கில் அது நடக்கவே இல்லை. இன்சூரன்ஸ் போட்டிருந்தால் இந்தப் பங்கை அது பார்த்துக்கொள்ளும். சரக்கு இன்சூரன்ஸில் வழக்கமான ஏ, பி, சி என்ற மூன்று வகையிலுமே அதற்கு இடம் உண்டு. ஆனால் தாமதத்தால் வரும் நஷ்டத்தை மூன்றுமே ஏற்காது. ஓட்டல் திறப்பு விழாவுக்குத் தரை போடக் காத்திருக்கும் வெளிநாட்டுக்காரருக்கு இதை யார் விளக்குவது? பணத்துக்கு வங்கி பொறுப்பேற்கும் எல்சி வழியாக என்றால் பேப்பர் சரியாக இருந்தால் பணம் வந்துவிடும். எல்சி இல்லாமல், சரக்கு வந்ததும் கொடுக்கிறேன் என்பவரிடம் இத்தனை மாதம் எப்படிப் பேசுவது, எதைப் பேசக்கூடாது? ஒத்திகை பார்க்க வேண்டியது இதைத்தான்.

செங்கடல் பிரச்சினை வந்தபோது திருந்துவார்கள் என்று நம்பினேன். 2023 நவம்பரில் ஏமன் ஹூதிகள் கேலக்ஸி லீடர் என்ற கப்பலைக் கடத்தினார்கள், டிசம்பரில் பெரிய கம்பெனிகள் எல்லாம் நன்னம்பிக்கை முனையைச் சுற்றப் போய்விட்டன. பத்து நாள், இரண்டு வாரம் கூடுதல். மாதக்கணக்காக நீண்டது. இவர்களும் ஆப்பில் புது நிலவரம் ஒன்றை இறக்கினார்கள். ஆசையாகத் திறந்து ஆடினோம். பத்தாம் நாள் கொம்பு, பட்டாசு, "பாதை பாதுகாப்பானது!"

இத்தனைக்கும் விஷயம் தெரியாதவர்கள் இல்லை. பெட்டியிலேயே ஒரு தகவல் அட்டை இருக்கிறது: 1967 போரில் மூடிய சூயஸ் 1975-இல்தான் திறந்தது, 14 கப்பல்கள் அந்தக் கசப்பேரியிலேயே எட்டு வருடம் கிடந்தன, மணல் படிந்து மஞ்சளாகிப்போனதால் மஞ்சள் கப்பல்படை என்று பெயர் வந்தது, மாலுமிகள் சொந்தமாகத் தபால்தலைகூட அச்சடித்துக்கொண்டார்கள். சுவாரசியமாக எழுதி அச்சிட்டவருக்கு, பக்கத்தில் உட்கார்ந்து ஆப் எழுதியவரிடம் அதைச் சொல்லத் தோன்றவில்லை.

பனாமா வறட்சி நிலவரம் மட்டும் கொஞ்சம் பரவாயில்லை. 2023-இல் பனாமா கால்வாய்க்குத் தண்ணீர் தரும் காட்டுன் ஏரியில் தண்ணீர் இறங்கி, ஒரு நாளைக்கு 36 கப்பல் போன இடத்தில் 24 என்று குறைத்தார்கள். அதில் கொம்பு இல்லை. மழை வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். நமக்கு நேரடியாகச் சம்பந்தமில்லாத வழி. ஆனாலும் பனாமாவை விட்டு சூயஸ் பக்கம் திரும்பிய கப்பல்களுக்கு அதே டிசம்பரில் அந்தக் கதவும் சாத்திக்கொண்டதே, அப்படி இரண்டும் சேர்ந்து வரும் நிலவரம் ஒன்று வேண்டாமா? இல்லை.

உதவி மையத்துக்குப் பலமுறை எழுதினேன். வந்த ஒரே உருப்படியான பதில்: பெரும்பாலான பயனர்கள் வெற்றிகரமான முடிவையே விரும்புகிறார்களாம்.

இதை வாசித்துக் காட்டியபோது ஆச்சி சிரிக்கவில்லை. அவர்கள் ஐயா பர்மாவில் தொழில் செய்தவர். 1942-இல் ஜப்பான்காரன் வந்தபோது கிட்டங்கியைப் போட்டுவிட்டு ஊர் வந்து சேர்ந்தவர்களில் ஒருவர். "சண்டை முடிஞ்சு வழி திறக்கத்தான் செஞ்சுச்சு. எங்க ஐயா கடை திறக்கலையே" என்றார்கள். நாங்கள் உட்கார்ந்திருந்த வளவின் தேக்குத் தூண்கள் அத்தனையும் அந்தப் பர்மாவிலிருந்து கப்பலில் வந்தவை.

அதற்கப்புறம் ஆச்சியே இறங்கிவிட்டார்கள். இந்த ஊரில் கல்யாணப் பத்திரிகைக்குப் பஞ்சமா? கனமான அட்டை, பின்பக்கம் வெறுமையாக இருக்கும். அவற்றைச் சீட்டு அளவுக்கு வெட்டி, நீல மையில் எழுதி, ஏழாம் நாளிலிருந்து ஒரு கட்டு தயார். "உன் பெட்டி இறங்க வேண்டிய துறைமுகத்தில் இடமில்லை, வேறு ஊரில் இறக்கிவிட்டார்கள், லாரி வாடகை உன் தலையில்." "ஜெனரல் ஆவரேஜ் பத்திரம் வந்திருக்கிறது, கையெழுத்துப் போடுவது நீயா, வாங்குகிறவரா?" "தூத்துக்குடியில் காலிப் பெட்டி இல்லை. ஆத்தங்குடியில் கல் அடித்துக் காய்ந்து கிடக்கிறது. கூலி சனிக்கிழமை." இந்தக் கடைசிச் சீட்டை எடுத்தபோது மேஸ்திரி முகம் மாறியது. அதுவரை இதெல்லாம் ஆபீஸ்காரர்கள் விளையாட்டு என்று சுவரில் சாய்ந்திருந்தவர், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "யார் யாருக்கு முதல்ல கொடுக்கணும்னு நான் சொல்றேன்" என்று ஆரம்பித்தார். அன்றைக்குப் பேசியதில் பாதியாவது எங்கள் திட்டத்தில் ஏறியிருக்கிறது. ஆப் பூட்டிக்கொண்டு அணைந்து கிடந்தது.

நியாயமாகவும் சொல்ல வேண்டும். ஐரோப்பாவில் வாங்குகிறவர்கள் இப்போது "தொழில் தொடர்ச்சித் திட்டம் உண்டா, ஒத்திகை பார்த்தீர்களா" என்று படிவம் அனுப்புகிறார்கள். ஒத்திகை முடிந்ததும் ஆப் ஒரு அறிக்கை தரும். யார் எப்போது என்ன முடிவெடுத்தார்கள் என்று தொழில் தொடர்ச்சிக்கான ஐஎஸ்ஓ 22301 தரநிலை கேட்கிற மாதிரி வரிசையாக இருக்கும். அது சான்றிதழ் இல்லை, ஆனால் படிவத்தோடு இணைத்து அனுப்பினால் மறுகேள்வி வருவதில்லை. அந்தக் காகிதத்துக்காக மட்டும் என்றால் பாதி விலை மலிவுதான். ஆங்கிலத்தில் மட்டுமே இருப்பது, டேப்லெட் சார்ஜ் மடமடவென்று இறங்குவது எல்லாம் சின்னக் குறைகள், பழகிவிடும்.

ஆனால் நான் புதுப்பிக்கப் போவதில்லை. கால் விலைக்கு வந்தாலும் மாட்டேன். நன்றாகச் செய்யத் தெரிந்தவர்கள் வேண்டுமென்றே பாதியில் நிறுத்துவதைப் பார்த்தால் எனக்கு ஆறவில்லை. இது கணக்குப் பார்த்து எடுத்த முடிவா என்று கேட்டால், இல்லை. அந்தக் கொம்புச் சத்தத்தை இன்னொரு தடவை கேட்க முடியாது, அவ்வளவுதான்.

தேவகோட்டை நண்பருக்கு: பணம் கட்டாதீர்கள். எங்கள் சந்தா முடிய இன்னும் கொஞ்ச நாள் இருக்கிறது. வந்து பெட்டியை எடுத்துக்கொண்டு போய் ஆடிப் பாருங்கள், அறிக்கையையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆச்சியின் சீட்டுக்கட்டை ஃபோட்டோ எடுத்து அனுப்புகிறேன். காய்ச்சல் சீட்டு மட்டும் பெட்டியில் இருக்காது. அதைத் தர முடியாது என்று ஆச்சி சொல்லிவிட்டார்கள்.