ஏசியின் காற்று வேகம்: வாட் மீட்டர் சொன்ன கணக்கு

ஏசி ரிமோட்டை எடுத்தால் எல்லோருடைய விரலும் வெப்பநிலைப் பொத்தானுக்குத்தான் போகும். காற்று வேகத்துக்கான பொத்தான் பல வீடுகளில் தீண்டப்படாமலே கிடக்கும். 1.5 டன் இன்வெர்ட்டர் ஏசி (தேவைக்கேற்பக் கம்ப்ரசரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வகை) ஒன்றைச் சில ஆண்டுகளாக வாட் மீட்டரோடு இணைத்துப் பயன்படுத்தி வருகிறேன். அதனால் அந்தப் பொத்தானைப் பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் விஷயம் இருக்கிறது.

ஏசியின் விசிறியைக் குறைத்து வைத்தால் மின்சாரம் மிச்சமாகும் என்று பலரும் நம்புகிறார்கள். அறைக்குள் இருக்கும் ஏசிப் பெட்டியின் விசிறி எவ்வளவு வேகமாகச் சுழன்றாலும் சில பத்து வாட்தான் எடுக்கும். வெளியே இருக்கும் கம்ப்ரசரோ முழு மூச்சில் ஓடும்போது ஆயிரம் வாட்டைத் தாண்டிவிடும். தலைவாசலைத் திறந்து போட்டுவிட்டு ஜன்னலைச் சாத்துகிற சேமிப்பு இது. விசிறி மெதுவாகச் சுழன்றால் பெட்டிக்குள் காற்றைக் குளிர்விக்கும் குழாய்ச் சுருளின் மீது காற்றும் குறைவாகவே போகும், அறை குளிர நேரம் பிடிக்கும். அதுவரை கம்ப்ரசருக்கு ஓய்வு கிடையாது. வேகத்தை உச்சத்தில் வைத்துத் தொடங்கினால் மீட்டர் எண் சட்டென்று ஏறும். ஆனால் அறை குளிர்ந்ததும் மளமளவென்று இறங்கி, பிறகு அங்கேயே நிற்கும். ஆட்டோவில் விட்டால் இந்த வேலையை ஏசி தானே பார்த்துக்கொள்கிறது. சத்தம்தான் முதலில் கொஞ்சம் அதிகம்.

காற்றில் ஈரம் மிகுந்த நாட்களில் மட்டும் இந்தக் கணக்கு மாறும். வேகமான காற்று சுருளைத் தொட்டும் தொடாமலும் கடந்துவிடுவதால் ஈரம் முழுதாக இறங்குவதில்லை. அறை குளிர்ந்திருக்கும், உடம்பு மட்டும் பிசுபிசுக்கும். உடனே யாராவது ரிமோட்டை எடுத்து 23-க்கு இறக்குவார்கள். சேமித்ததெல்லாம் அங்கே போய்விடும். அப்படிப்பட்ட நாட்களில் வெப்பநிலையைத் தொடாமல் வேகத்தை மட்டும் குறைக்கிறேன். வெளியே ஏசியின் தண்ணீர் வடியும் குழாயைப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்: விட்டுவிட்டுச் சொட்டியது இழையாக ஒழுகத் தொடங்கும். ரிமோட்டில் இருக்கும் டிரை (Dry) நிலையும் ஏறக்குறைய இதையே செய்கிறது. கடும் வெயிலில் அது போதாது.

காற்றை வெளிவிடும் தகட்டையும் கவனிக்க வேண்டும். குளிர்ந்த காற்று தானாகவே கீழே இறங்கும் என்பதால் தகட்டைக் கிடையாக வைத்தாலே போதும். கூடவே மேல்விசிறியைக் குறைந்த வேகத்தில் ஓடவிட்டால் 24-இல் கிடைக்கும் சுகம் 26-இலேயே கிடைக்கிறது. என் வீட்டு மீட்டரில் பெரிய மாற்றத்தைக் காட்டியது இந்தச் சேர்க்கைதான். ஏசியின் வேகப் பொத்தான் அதற்கு அடுத்தபடிதான்.

ஃபில்டரில் தூசி படிந்திருந்தால் இதில் எதுவும் பலிக்காது. ரிமோட்டில் உச்ச வேகம் என்று காட்டும், காற்று என்னவோ குறைந்த வேகத்தில்தான் வரும். அடைப்பு முற்றினால் சுருளில் பனிக்கட்டியே படியும். வெயில் காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழற்றிக் குழாய் நீரில் அலசி, நிழலில் காயவைத்து மாட்டுகிறேன்.